மகுடமும் மக்களும் – 9: பட்னியில் எழுந்த கேள்வி

மன்னர் முதலாம் சார்லஸ் தோற்றுவிட்டார். 1645 ஜூனில் நேஸ்பி களத்தில் அவருடைய படை சிதறியது. இரண்டே ஆண்டுகளில், வென்ற படை தன்னை உருவாக்கிய நாடாளுமன்றத்தோடு மோதி, 1647 ஆகஸ்ட் 6 அன்று லண்டனுக்குள் அணிவகுத்து நுழைந்தது. சென்ற வாரம் அங்கே நிறுத்தினோம்.

ஒரு படை தன் எஜமானர்கள் மீதே ஏன் திரும்பியது? முதல் காரணம் சம்பளப் பாக்கி. 1647 வசந்த காலத்தில் காலாட்படை வீரனுக்கு 18 வாரச் சம்பளம் வரவேண்டியிருந்தது. குதிரைப்படை வீரனுக்கு 43 வாரம். பாக்கியைத் தீர்க்காமலே படையைக் கலைத்துவிட்டு, ஒரு பகுதியை அயர்லாந்துப் போருக்கு அனுப்ப நாடாளுமன்றம் திட்டமிட்டது.

வீரர்கள் மனு எழுதினார்கள். அந்த மனுவை விடாப்பிடியாக முன்னெடுப்பவர்கள் நாட்டின் எதிரிகள் என்று நாடாளுமன்றம் அறிவித்தது.

இந்த அறிவிப்புதான் எல்லாவற்றையும் மாற்றியது என்று நான் நினைக்கிறேன். சம்பளப் பாக்கியைப் பேசித் தீர்த்திருக்கலாம். உயிரைப் பணயம் வைத்துப் போரிட்டவனைப் பார்த்து, உனக்கு மனுக் கொடுக்கும் உரிமைகூட இல்லை என்று சொன்னால், அவன் வேறொரு கேள்வி கேட்கத் தொடங்குவான்: அப்படியானால் நான் எதற்காகப் போரிட்டேன்?

அந்தக் கேள்வி பட்னிக்கு வந்து சேர்ந்த கதைதான் இந்த வாரம்.

*

தேம்ஸ் கரையில் ஒரு கூட்டம்

பட்னி, தேம்ஸ் நதியின் தென்கரையில் இருக்கிறது. அன்று அது லண்டனுக்கு வெளியே இருந்த சிற்றூர். ஒரு பக்கம் நாடாளுமன்றம் கூடும் வெஸ்ட்மின்ஸ்டர். மறுபக்கம், நதியின் மேற்போக்கில், மன்னர் காவலில் இருந்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை. இரண்டையும் கண்காணிக்க வாகான இடம். படை தன் தலைமையகத்தை அங்கே அமைத்துக்கொண்டது.

1647 அக்டோபர் 28 அன்று அங்குள்ள செயின்ட் மேரி தேவாலயத்தில் படைப் பேரவை கூடியது. தலைமைத் தளபதி ஃபேர்ஃபாக்ஸ் வரவில்லை. ஆலிவர் கிராம்வெல் கூட்டத்தை நடத்தினார். அதிகாரிகளோடு, படைப்பிரிவுகளில் வீரர்களே தேர்ந்தெடுத்து அனுப்பிய பிரதிநிதிகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை 'அஜிடேட்டர்கள்' என்று அழைத்தார்கள். சாதாரணக் குதிரைவீரன் எட்வர்ட் செக்ஸ்பி, தன் தளபதிகளை நேருக்கு நேர் பார்த்துக் குற்றம் சாட்டிப் பேசினார். 17ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் இது நினைத்துப் பார்க்க முடியாத காட்சி.

வெளியிலிருந்து சில குடிமக்களும் வந்திருந்தார்கள். ஜான் வைல்ட்மேன், மேக்சிமிலியன் பெட்டி இருவரும் லண்டனில் 'லெவலர்கள்' என்று பெயர் வாங்கிய இயக்கத்துக்காரர்கள். ஏற்றத்தாழ்வை எல்லாம் இடித்துத் தரைமட்டமாக்கப் பார்க்கிறவர்கள் என்ற பொருளில் எதிரிகள் வைத்த பெயர் அது. அந்த இயக்கத்தின் புகழ்பெற்ற தலைவர் ஜான் லில்பர்ன் அந்த நேரத்தில் லண்டன் கோபுரச் சிறையில் இருந்தார்.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். வில்லியம் கிளார்க் என்ற இளம் செயலர். பேசியவர்களின் வார்த்தைகளை அவர் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டே வந்தார். அந்தக் குறிப்புகள் ஆக்ஸ்போர்டில் வூஸ்டர் கல்லூரி நூலகத்தில் யாரும் கவனிக்காமல் கிடந்தன. சி. எச். ஃபர்த் என்ற வரலாற்றாசிரியர் அவற்றைப் பதிப்பித்து வெளியிட்டது 1891இல். இடைப்பட்ட 244 ஆண்டுகளில் லாக் எழுதினார், ரூசோ எழுதினார், அமெரிக்காவும் பிரான்சும் புரட்சி செய்தன. அவர்களில் எவரும் பட்னியில் பேசப்பட்டதைப் படித்ததில்லை.

*

ஒரு தாள், நான்கு கோரிக்கைகள்

கூட்டத்தின் முன் வைக்கப்பட்ட ஆவணத்துக்கு 'மக்களின் உடன்படிக்கை' என்று பெயர். அதில் நான்கே பிரிவுகள்.

முதலாவது, தொகுதிகளை மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரிக்க வேண்டும். அன்றைய நிலைமை தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். கார்ன்வால் என்ற ஒரே மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றத்துக்கு 44 உறுப்பினர்கள் போனார்கள். லண்டன் மாநகரத்துக்கு 4 பேர்தான். ஆள் நடமாட்டமே இல்லாத ஓல்ட் சாரம் என்ற மேட்டுக்குக்கூட இரண்டு இடம் இருந்தது.

இரண்டாவது, 1648 செப்டம்பர் 30 அன்று இப்போதைய நாடாளுமன்றம் கலைய வேண்டும். மூன்றாவது, இரண்டு ஆண்டுக்கு ஒரு தேர்தல்.

நான்காவது பிரிவில்தான் புதுமை இருந்தது. மக்களின் பிரதிநிதிகளுக்கே எல்லா அதிகாரமும் உண்டு, ஆனால் சிலவற்றில் அவர்களும் கைவைக்கக் கூடாது என்றது அது. வழிபாட்டில் யாரையும் வற்புறுத்தக் கூடாது. யாரையும் கட்டாயமாகப் படையில் சேர்க்கக் கூடாது. போர்க்காலத்தில் சொன்னதற்கும் செய்ததற்கும் எவரையும் தண்டிக்கக் கூடாது. சட்டத்தின் முன் பிறப்பும் பதவியும் சொத்தும் சலுகை ஆகக் கூடாது.

மன்னனிடமிருந்து நம்மைக் காக்க நாடாளுமன்றம் இருக்கிறது; நாடாளுமன்றத்திடமிருந்து நம்மைக் காப்பது யார்? மனு எழுதியதற்காக எதிரி என்று பெயர் வாங்கியவர்களுக்கு இந்தச் சந்தேகம் அனுபவத்தில் வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கும் எல்லை போட வேண்டும் என்ற தாராளவாதச் சிந்தனையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று இந்தத் தாளில் இருக்கிறது.

முதல் நாள் முழுவதும் கிராம்வெல் பிடிகொடுக்கவில்லை. இன்று நீங்கள் ஒரு தாள் கொண்டு வருகிறீர்கள், நாளை இன்னொரு கூட்டம் இன்னொரு தாளோடு வந்தால் என்ன செய்வது, நாடு சுவிட்சர்லாந்து மாதிரி துண்டு துண்டாக நின்று மோதிக்கொள்ளாதா என்று கேட்டார். படை ஏற்கெனவே கொடுத்திருக்கும் வாக்குறுதிகளை நினைவூட்டினார். கடைசியில், மறுநாள் காலை எல்லோரும் கூடிக் கடவுளிடம் வழிகேட்பது என்று முடிவானது.

*

அக்டோபர் 29

பிரார்த்தனை முடிந்தது. படை அதிகாரி ஒருவரின் தங்குமிடத்தில் பேரவை தொடர்ந்தது. உடன்படிக்கையை உரக்கப் படித்தார்கள். முதல் பிரிவு முடிந்ததுமே ஒருவர் இடைமறித்தார்.

அவர் ஹென்றி அயர்டன். வயது முப்பதுகளின் நடுப்பகுதி. ஆக்ஸ்போர்டில் படித்தவர், சட்டம் பயின்றவர், கிராம்வெல்லின் மருமகன். நேஸ்பியில் தொடையிலும் முகத்திலும் காயம்பட்டு எதிரியிடம் பிடிபட்டு, அன்றே தப்பி வந்தவர். மன்னரோடு சமரசம் செய்துகொள்ள அந்தக் கோடையில் படை முன்வைத்த திட்டத்தை வரைந்ததில் இவருக்குத்தான் பெரும் பங்கு.

தொகுதிகளைக் குடியிருப்போரின் எண்ணிக்கைப்படி பிரிப்பது என்று எழுதியிருக்கிறீர்களே, அப்படியென்றால் குடியிருக்கிற ஒவ்வொருவருக்கும் வாக்கு உண்டு என்று பொருளா என்று கேட்டார் அயர்டன்.

கவனியுங்கள். எல்லா ஆண்களுக்கும் வாக்கு என்று அந்தத் தாள் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அதை எதிர்த்தவர்தான் அந்தக் கேள்வியை வெளியே இழுத்துப் போட்டார். அவர் பேசாமல் இருந்திருந்தால் கூட்டம் அடுத்த பிரிவுக்குப் போயிருக்கும்.

பதில் சொல்ல எழுந்தவர் கர்னல் தாமஸ் ரெயின்ஸ்பரோ. கடற்படைக் குடும்பம், கோட்டைகளை முற்றுகையிட்டுப் பிடிப்பதில் பேர்போனவர், நாடாளுமன்ற உறுப்பினர். இங்கிலாந்தில் ஆகக் கடைசி ஏழைக்கும் ஆகப் பெரிய பிரபுவைப் போலவே வாழ ஒரு வாழ்க்கை இருக்கிறது என்றார். ஓர் அரசின் கீழ் வாழ வேண்டியவன் தன் ஒப்புதலைத் தந்துதான் அதன் கீழ் வர வேண்டும். தன் குரலே கேட்காத அரசுக்கு எந்த ஏழையும் கட்டுப்பட்டவன் இல்லை என்று அடித்துச் சொன்னார்.

அறையில் இருந்த அதிகாரிகளுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும்? 1430இல் போட்ட சட்டம் ஒன்று அப்போதும் நடைமுறையில் இருந்தது. மாவட்டத் தொகுதியில் வாக்களிக்க, ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் சொந்த நிலம் வேண்டும். இரு நூற்றாண்டுகளுக்கு மேல் யாரும் தொடாத அந்த வேலியைக் கர்னல் ஒருவர் ஒரே பேச்சில் பிடுங்கிப் போடச் சொன்னார்.

*

அயர்டனின் வாதம்

அயர்டனை வில்லனாக்கி எழுதுவது எளிது. பலர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். கிளார்க்கின் குறிப்புகளைப் படிக்கும்போது, அந்த அறையில் தர்க்கத்தில் அவரை விஞ்சியவர் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இங்கிலாந்தில் பிறந்தவனுக்கு இங்கே காற்றைச் சுவாசிக்க உரிமை உண்டு, பாதையில் நடக்க உரிமை உண்டு, அவனை யாரும் வெளியேற்ற முடியாது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் நாட்டின் காரியங்களைத் தீர்மானிக்கும் உரிமை, இந்த மண்ணில் நிலைத்த பிடிப்பு உள்ளவர்களுக்குத்தான் என்றார். அவர் சொன்ன பிடிப்பு நிலமும், நகரங்களில் வணிக உரிமையும். இன்று இங்கே, நாளை எங்கேயோ என்று போகக்கூடியவன் கையில் நிரந்தரமாக இருப்பவனின் தலைவிதியைக் கொடுக்கலாமா?

அடுத்து அவர் வைத்த கேள்வி கூர்மையானது. எந்தச் சட்டத்தைக் காட்டி ஏழைக்கு வாக்குக் கேட்கிறீர்கள்? நாட்டின் சட்டத்தில் அது இல்லை. இயற்கை உரிமை என்கிறீர்கள். பிறந்ததனாலேயே வாக்கு உண்டென்றால், பிறந்ததனாலேயே பசித்தவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரனின் உணவிலும் உடையிலும் நிலத்திலும் உரிமை உண்டு என்றும் வாதிடலாமே. அப்போது சொத்து என்று எது மிஞ்சும்?

கடவுளின் கட்டளையே திருடாதே என்கிறது, சொத்துக்கு அந்தப் பாதுகாப்பு போதும் என்று ரெயின்ஸ்பரோ பதில் சொன்னார். எங்களை அராஜகவாதிகள் என்று ஏன் சித்திரிக்கிறீர்கள் என்று கோபப்பட்டார். கிராம்வெல் நடுவில் புகுந்து சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அயர்டனின் கேள்விக்கு அது முழுப் பதில் இல்லை. வாக்கு பெற்ற ஏழைகள் சட்டம் போட்டே சொத்தைப் பங்கிட்டால் என்ன ஆகும் என்று கர்னல் ரிச் எழுந்து கேட்டபோது, அந்த அச்சம் அறையில் பலருக்கும் இருந்தது தெரிந்தது. சொத்தில்லாதவர்கள் ஐந்து பேருக்குச் சொத்துள்ளவர் ஒருவர் என்பது ரிச் போட்ட கணக்கு. வாக்கை விலைக்கு வாங்கியவர்கள் ரோமாபுரியில் எப்படிச் சர்வாதிகாரி ஆனார்கள் என்பதையும் அவர் நினைவூட்டினார்.

அயர்டன் தரப்புக்குச் சுதந்திரம் என்றால் பாதுகாப்பு. என் நிலத்தையும் உடைமையையும் மன்னனும் தொட முடியாத, கூட்டமும் தொட முடியாத நிலை. ரெயின்ஸ்பரோவுக்குச் சுதந்திரம் என்றால் பங்கு. தன்னைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை உருவாக்குவதில் ஒவ்வொருவனுக்கும் ஒரு குரல். பின்னாளில் தாராளவாதம், ஜனநாயகம் என்று தனித்தனிப் பெயர் பெற்ற இரண்டும் அன்று ஒரே அறையில், ஒரே படையின் சீருடையில் நேருக்கு நேர் நின்றன.

*

செக்ஸ்பி பேசுகிறார்

தத்துவத்தைத் தாண்டிக் கூட்டத்தை உலுக்கியவர் குதிரைவீரன் செக்ஸ்பி.

எங்கள் பிறப்புரிமையை மீட்கத்தான் உயிரைப் பணயம் வைத்தோம் என்றார். எங்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொத்து இல்லை. சொத்து இல்லாதவனுக்கு உரிமை இல்லை என்று இப்போது சொல்கிறீர்கள். அப்படியானால் எங்களை ஏமாற்றியிருக்கிறீர்கள். நாங்கள் வெறும் கூலிப்படை. என் பிறப்புரிமையை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

அந்தக் 'கூலிப்படை' என்ற சொல் தளபதிகளைச் சுட்டிருக்கும். ஏனென்றால் அந்த ஆண்டு ஜூனில் படையே வெளியிட்ட அறிக்கை, நாங்கள் யாருடைய கூலிப்படையும் இல்லை என்று பெருமையோடு சொன்னது.

அயர்டன் பதில் சொன்னார். தனி ஒருவனின் விருப்பமே சட்டம் என்ற ஆபத்து நாட்டைச் சூழ்ந்திருந்தது. அதை ஒழிக்கத்தான் வீரர்கள் போரிட்டார்கள். இனி மன்னனின் விருப்பம் அவர்களை ஆளாது. நாட்டில் பிடிப்புள்ளவர்களின் பிரதிநிதிகள் இயற்றிய, எல்லோருக்கும் தெரிந்த சட்டம் ஆளும். வாக்கு இல்லாதவனுக்கும் அதுவே ஆதாயம். அவன் உழைத்துப் பொருள் சேர்த்தால் நாளை வாக்கும் கிடைக்கும்.

அப்படியானால், பணக்காரர்களிடம் அதிகாரத்தைக் கொடுத்துத் தன்னையே அடிமையாக்கிக்கொள்ளவா வீரன் இத்தனை காலம் போரிட்டான் என்று கேட்டார் ரெயின்ஸ்பரோ.

இதற்கு அயர்டனிடம் பதில் இல்லை என்பது என் முடிவு. அவருடைய தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் உயிர்ப்பலியில் எல்லோருக்கும் சமபங்கு, உரிமையில் மட்டும் சொத்தின் அளவுக்குப் பங்கு என்பதை எந்தத் தர்க்கமும் நியாயம் ஆக்காது.

*

பெட்டி திறந்த கதவு, மூடிய கதவு

பேச்சு முட்டி நின்றது. ஏதாவது ஓரிடத்தில் இறங்கி வரலாமா என்று இரு தரப்பும் தேடின. பரம்பரைக் குத்தகை நிலம் வைத்திருப்பவர்களுக்கு வாக்குத் தரலாம் என்று கிராம்வெல் சொல்லிப் பார்த்தார். லெவலர் தரப்பில் பெட்டி ஒரு படி இறங்கினார். வேலைக்காரர்கள், தொழில் பழகும் பையன்கள், பிச்சை வாங்கிப் பிழைப்பவர்கள் ஆகியோரை விலக்கலாம் என்றார். காரணமும் சொன்னார்: அவர்கள் பிறருடைய விருப்பத்தைச் சார்ந்து வாழ்கிறவர்கள், எஜமானரின் மனம் கோணுமே என்று பயப்படுவார்கள்.

அந்த அறையில் அதிகம் கவனிக்கப்படாத, ஆனால் ஆழமான வாதம் இது. இதற்குப் பின்னால் சுதந்திரம் பற்றிய மூன்றாவது எண்ணம் இருக்கிறது. ரோமானியக் குடியரசுச் சிந்தனையிலிருந்து வந்தது. இன்னொருவன் நினைத்தால் என்னைக் கெடுக்க முடியும் என்ற நிலையில் நான் இருந்தால், அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் நான் சுதந்திரமானவன் இல்லை. அடிக்காத எஜமானின் அடிமையும் அடிமைதான். மன்னர் சட்டங்களைத் தன் விருப்பப்படி மறுக்கலாம் என்ற அதிகாரத்தை லெவலர்கள் எதிர்த்தது இந்த அடிப்படையில். அவர் அதைப் பயன்படுத்துகிறாரா என்பது பேச்சே இல்லை; அந்த அதிகாரம் அவர் கையில் இருப்பதே மக்களை அடிமையாக்குகிறது.

மன்னனுக்கு எதிராக இதைவிடக் கூரிய ஆயுதம் இல்லை. ஆனால் அதே ஆயுதம் கீழ்நோக்கியும் வெட்டியது. சார்ந்து வாழ்பவன் சுதந்திரமானவன் இல்லை. சுதந்திரம் இல்லாதவனின் வாக்கு அவனுடையது இல்லை. எனவே அவனுக்கு வாக்கு வேண்டாம். சார்பை ஒழிக்க வேண்டிய சிந்தனை, சார்ந்திருப்பவனை வெளியே நிறுத்திவிட்டது. பெண்களைப் பற்றி அங்கே ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

இந்த வாதத்தை வைத்து அறிஞர்கள் இன்றும் சண்டையிடுகிறார்கள். கூலி வாங்கும் எல்லோரையுமே லெவலர்கள் விலக்க நினைத்தார்கள் என்று சி. பி. மேக்ஃபர்சன் 1962இல் எழுதினார். வீட்டோடு தங்கி ஊழியம் செய்பவர்களை மட்டுமே சொன்னார்கள் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். ரெயின்ஸ்பரோவின் பேச்சில் இந்த விலக்கு எதுவும் இல்லை என்பதை மட்டும் நான் இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

அயர்டன் காத்த வேலி எவ்வளவு நீண்ட ஆயுள் கொண்டது என்பதற்கு நம் ஊரே சாட்சி. 1919ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் நடந்த தேர்தல்களில், சொத்தும் வரி ரசீதும் உள்ள ஒரு சிறுபான்மைக்குத்தான் வாக்கு இருந்தது. அந்த வேலி இந்தியாவில் முழுமையாக விழுந்தது 1950இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது.

*

மௌனமான குறிப்பேடு

நவம்பர் 1 அன்று மன்னரின் மறுப்பதிகாரம் பற்றியும் பிரபுக்கள் சபை பற்றியும் பேச்சு நடந்தது. அதற்குப் பிறகு கிளார்க்கின் குறிப்புகள் மெலிந்துவிடுகின்றன. பேச்சுகள் இல்லை, முடிவுகள் மட்டும்.

வேலைக்காரர்களும் பிச்சைக்காரர்களும் தவிர மற்ற ஆண்களுக்கு வாக்கு என்று பேரவை வாக்கெடுப்பில் முடிவெடுத்ததாக அஜிடேட்டர்கள் தங்கள் படைப்பிரிவுகளுக்கு எழுதினார்கள். அது உண்மையென்றால், அயர்டன் விவாதத்தில் தோற்காமல் வாக்கெடுப்பில் தோற்றிருக்கிறார்.

நவம்பர் 8 அன்று கிராம்வெல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பிரதிநிதிகள் எல்லோரும் அவரவர் படைப்பிரிவுக்குத் திரும்ப வேண்டும். தீர்மானம் நிறைவேறியது. முழுப் படையும் ஒரே மைதானத்தில் கூடி உடன்படிக்கையை ஏற்க வேண்டும் என்று லெவலர்கள் கேட்டிருந்தார்கள். தளபதிகள் படையை மூன்றாகப் பிரித்து, மூன்று நாட்களில் மூன்று இடங்களில் கூட்ட உத்தரவிட்டார்கள். முதல் கூட்டம் நவம்பர் 15, வேர் நகரத்தை அடுத்த கார்க்புஷ் மைதானத்தில்.

அதற்கு நான்கு நாள் முன்பு, நவம்பர் 11 இரவு, ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் மன்னர் சார்லஸின் அறைக் கதவைத் தட்டிப் பார்த்தார்கள். பதில் இல்லை. உள்ளே போனபோது கடிதங்கள் இருந்தன. மன்னர் இல்லை.

அவரைக் காவல் காத்தவர் கர்னல் வாலி, கிராம்வெல்லின் உறவினர். மன்னரின் உயிருக்கு ஆபத்து என்று வதந்தி இருக்கிறது, காவலைக் கவனியுங்கள் என்று கிராம்வெல் அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். வாலி அந்தக் கடிதத்தை மன்னரிடமே காட்டினார்.

மன்னர் தப்பிய செய்தி பரவியதும், வாக்குரிமை பற்றிய பேச்சு நின்றுபோனது. போர் மறுபடி மூளும் என்ற பயம் வந்தது. பயம் வந்தால் படைக்கு ஒழுங்கு வேண்டும், ஒழுங்கென்றால் தளபதிகளுக்குக் கீழ்ப்படிய வேண்டும். இரண்டு வாரங்களாகப் பட்னியில் கிராம்வெல்லால் அடக்க முடியாத கேள்வியை மன்னரின் ஓட்டம் ஒரே இரவில் அடக்கியது.

அப்படியானால் மன்னரை ஓட வைத்தது யார்? உண்மையிலேயே அவருக்கு உயிர்ப்பயம் வந்ததா, அல்லது அந்தக் கடிதம் அவரை ஓட வைக்கவே எழுதப்பட்டதா? நவம்பர் 15 அன்று வேர் மைதானத்துக்கு, உத்தரவை மீறி, உடன்படிக்கையைத் தொப்பியில் செருகிக்கொண்டு இரண்டு படைப்பிரிவுகள் வந்து நின்றன. அவர்களை நோக்கிக் கிராம்வெல் போனார். அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)